பெயர் எழுத வேண்டாம்

பீல் நகர நாய்க் காப்பகத்தில்
தொண்டர்களிடம் ஒரு படிவம் நீட்டினார்கள்.
ஜெர்மனில் ஒரு பக்கம், பிரெஞ்சில் ஒரு பக்கம்.
பெயர் எழுத வேண்டாம், மனம்விட்டு எழுதுங்கள்.

ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிட்டேன்.
கையுறை, நான்கு. தேநீர், இரண்டு.
எதை மாற்றலாம் என்ற கடைசிக் கேள்விக்கு
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
இரண்டு மொழியிலும் வரவில்லை.
தமிழில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

வியாழன் காலை வாளியும் கையுமாய் நிற்கையில்
திருமதி லூகின்பூல் அதே தாளோடு வந்தார்.
"யார் எழுதியதென்று கேட்கமாட்டேன்.
என்ன எழுதியிருக்கிறது, அது மட்டும்."

இங்கே வேறு தமிழ் ஆள் கிடையாது.

யாருடைய கடிதத்தையோ போலத்
தொண்டையைச் செருமி வாசித்தேன்:
ஒன்பதாம் கூட்டுக் கிழநாய்
சனிக்கிழமையே செத்துப்போயிருக்கிறது.
திங்களன்று வந்து
பாயை உதறி விரித்து
அரைமணி நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு குறுஞ்செய்தி போதும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார். மாட்டவில்லை.
"அந்த ஆள்
எப்படிக் கூப்பிடுவாராம் அதை?"

"கட்டைவாலா" என்றேன்,
அவனைக் கூப்பிடும் அதே குரலில்.
நாக்கைக் கடித்துக்கொண்டது
அப்புறம்தான்.