கருமி

ஹார்ஷமுக்கு மேற்கே நாற்பது நிமிட ஓட்டத்தில்
நோயல் ஹாபலின் வயல்.
சாம்பல் நிறக் களிமண்.
அக்டோபர் வெடிப்பில் என் கை முழங்கை வரை போகும்.
ஒருமுறை கைப்பேசி விழுந்து,
இடுக்கி போட்டு எடுத்தோம்.

நான் வேர் கழுவுகிறவள்.
சம்பளச் சீட்டில் இதற்கு வேறு பெயர்.
வண்டியின் பின்னிருந்து எஃகுக் குழாய் இறங்கும்;
ஒன்றரை மீட்டர் மண் உருளையாய் ஏறும்.
பத்துப் பத்து சென்டிமீட்டராய் அறுத்து
பையிலிட்டு எண் எழுதுவேன்.
பிறகு சல்லடை, குளிர்ந்த நீர், பொறுமை.
வறட்சியைப் படிப்பதற்கு
நாளுக்கு நானூறு லிட்டர் செலவு.
என் தொட்டியடியில் மட்டும் புல் பச்சை.
அந்தியில் ஒரு கங்காரு வந்து மேய்ந்துவிட்டு
நன்றி சொல்லாமல் போகும்.

இருநூற்று நாற்பது கொண்டைக்கடலை ரகங்களில்
எங்கள் செல்லம் எண்பத்தேழு.
பூக்கும் முன்பே தொண்ணூறு சென்டிமீட்டர்!
மயூரதன் அதன் வேர்ப்படத்தைக்
கணினித் திரையில் வைத்திருந்தான்,
அவன் மகள் படம் இருந்த இடத்தில்.

இருநூற்றுப் பதினான்கை யாரும் படமெடுக்கவில்லை.
குளிர்காலம் முழுக்கச் சின்னதாய் நின்றது.
உச்சிவெயிலுக்கு முன்பே இலைத்துளைகளை மூடிக்கொண்டது.
வேருக்குள் நீர்க்குழல்கள் ஊசிக்கண்ணைவிடக் குறுகல்.
குறிப்பேட்டில் "சோம்பேறி" என்று எழுதியிருக்கிறது,
என் கையெழுத்தில்.

ஆகஸ்ட் கடைசியோடு மழை நின்றது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எண்பத்தேழு வேரை விட்டது.
கீழே ஈரம் இருக்கத்தான் செய்தது,
கூடவே போரானும் உப்பும்,
எப்போதோ வற்றிய கடலின் மிச்சம்.
நான் கழுவி எடுத்த நுனிகள்
எரிந்த தீக்குச்சித் தலைகள்.
மேலே இருந்த நல்ல தண்ணீரையெல்லாம்
ஜூலையிலேயே குடித்துத் தழைத்திருந்தது அது.
நாங்கள்தான் கைதட்டினோம்.

இருநூற்றுப் பதினான்கின் பாத்தியில்
அரை மீட்டர் ஆழத்தில்
ஈரமானியின் முள் இன்னும் அசைந்தது.
காய் பிடிக்கும் நாள் வரை தொடாமல் வைத்திருந்து
மிடறு மிடறாய் எடுத்தது கருமி.

விளைச்சல் எக்டருக்குத் தொள்ளாயிரம் கிலோ.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
எண்பத்தேழுக்கு அதில் பாதி.

வேலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் நோயல்.
"என் அண்ணன் ஒரு எண்பத்தேழு" என்றார்.
"பக்கத்து நிலத்தையும் வாங்கினான்.
நூற்றிருபது மீட்டர் போர் போட்டான்.
உப்புத்தண்ணீர்."
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு
மறுபடி மாட்டிக்கொண்டார்.
அண்ணன் இப்போது எங்கே என்று
நான் கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் மழை கொட்டலாம்.
கருமி தோற்கும், செல்லம் ஜெயிக்கும்.
அறிக்கையில் அதையும் எழுதியிருக்கிறேன்;
மயூரதன் இரண்டு முறை அழித்தான்,
மூன்றாம் முறை விட்டுவிட்டான்.

நேற்றுக் கடைசிப் பைகள்.
இருநூற்றுப் பதினான்கு, மேலிருந்து இரண்டாவது.
சல்லடையில் ஒரு வேர்முடிச்சு,
மிளகளவு.
மற்றவை எல்லாம் அந்த மாதத்தில்
சாம்பலாய்ச் சுருங்கியிருந்தன.
இதை நகத்தால் கீறினேன்.

உள்ளே இளஞ்சிவப்பு.

குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம்
சும்மா நின்றேன்.
கங்காரு அன்று வரவில்லை.