மேடைக்கு முதுகு

ஜாங்கான் தோலே, என்றார் ரோஸ்லி.
திரும்பாதே. திரும்பினால் முப்பது வெள்ளி வெட்டு.
பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் நூற்றுப் பத்து,
ஒரு நாசி லெமாக் பொட்டலம், ஒரு போத்தல் தண்ணீர்,
என்னைவிட இரண்டு அளவு பெரிய கறுப்புச் சட்டை.
தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்
மேடைக்கு முதுகும் கூட்டத்துக்கு முகமுமாய்
புக்கிட் ஜாலில் அரங்கில் நிற்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டு.
லோஷினி மூன்று திரைகளைத் திறந்து வைத்திருந்தாள்:
அவள் போன், என் போன்,
தவமலர் ஆபீசில் இரவல் கேட்டு வாங்கிய மடிக்கணினி.
உங்களுக்கு முன்னால் 61,408 பேர், என்றது திரை.
ஒரு சின்ன மனித உருவம் கோட்டின் மேல் நடந்தது.
நாங்கள் சோறு சாப்பிட்டோம். அது நடந்தது.
துணி காயப்போட்டேன். அது நடந்தது.
மூன்றே காலுக்கு வாசல் திறந்தபோது
388 இருந்த இடத்தில் 688 இருந்தது.
அதற்கு மேல் சேவைக் கட்டணம்,
அதற்கு மேல் செயல்முறைக் கட்டணம்,
அதற்கும் மேல் வசதிக் கட்டணம்.
யாருடைய வசதி என்று கேட்க எண் ஒன்றும் இல்லை.
முடிவெடுக்க ஏழு நிமிடம் தந்தார்கள்.
வீடு வாங்கும்போதுகூட எங்களுக்கு ஒரு வாரம் தந்தார்கள்.
தவமலர் மோட்டார் சைக்கிள் தவணையைப் பற்றிப் பேசவில்லை.
பேசாதது மூன்று பேருக்கும் கேட்டது.
நான்கு நிமிடம் மிச்சமிருக்க
லோஷினியே மூடினாள்.
"பரவால்லப்பா. யூடியூப்ல வரும்."

இப்போது விளக்குகள் அணைகின்றன.
பாட்டு என் முதுகில் விழுகிறது,
முதலில் எலும்பில், பிறகுதான் காதில்.
மேடையில் நடப்பதை இவர்கள் முகத்தில் படிக்கிறேன்.
கண்கள் இடப்பக்கம் போகின்றன: அவன் நடக்கிறான்.
வாய்கள் பிளக்கின்றன: எதையோ கழற்றி எறிந்திருக்க வேண்டும்.
மூன்றாவது வரிசையில் ஒரு பெண்
இரண்டு மணி நேரமாய்ப் போனைத் தாழ்த்தவே இல்லை.
1,288 வெள்ளி கொடுத்து வந்தவள்
என் உள்ளங்கை அளவில் பார்க்கிறாள்.
அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள், என் வயதிருக்கும்,
வங்கிச் சின்னம் போட்ட சட்டை,
இரண்டாம் பாட்டிலிருந்து அழுகிறான்.
அவனைக் கேலி செய்ய மனம் வரவில்லை.
கடன் வாங்கி வந்திருக்கலாம்.
செமென்யேவிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கலாம்.
ஒரு பையன் மயங்கி விழுந்தான்.
லூர்துவும் நானும் தூக்கிப் போனோம்.
கண் திறந்ததும் கேட்டான்:
"எந்தப் பாட்டு போச்சு?"

பத்தரைக்கு அந்தப் பாட்டு தொடங்கியது.
லோஷினி குளியலறையில் பாடுவது.
சரணத்தில் ஒரு சொல்லை எப்போதும் தப்பாகப் பாடுவாள்.
அரங்கம் முழுதும் அதைச் சரியாகப் பாடியது.
எனக்கு அதுதான் தப்பாகக் கேட்டது.

கழுத்து ஒரு கணக்குப் போட்டது:
முப்பது வெள்ளி.
வரிசை இல்லை. வசதிக் கட்டணம் இல்லை.

திரும்பினேன்.

புகை. நீல வெளிச்சம்.
நான் நினைத்ததைவிடக் குள்ளமான ஒருவன்
கூட்டம் பாடட்டும் என்று விட்டுவிட்டு
எங்களுக்கு முதுகு காட்டி
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
அவ்வளவுதான். ரோஸ்லி பார்த்துவிட்டார்.

சம்பளம் வாங்கும்போது லூர்து சிரித்தான்:
"வேதத்துல ஒருத்தன் முப்பது வெள்ளிக்கு வித்தான்.
நீ வாங்கியிருக்க."

பூச்சோங் வந்து சேர மணி இரண்டு.
லோஷினி தூங்கவில்லை.
"பார்த்தீங்களாப்பா?"
"பார்த்தேன்."
"எப்படி இருந்தாரு?"
முதுகை மட்டும்தான் பார்த்தேன் என்று சொல்லவில்லை.
"வேர்த்துப் போயிருந்தான்," என்றேன்.
"சட்டை ஒட்டிக்கிட்டு, என்னுது மாதிரியே."

அவள் அதைக் கையில் கொடுத்த பொருள்போல
வாங்கிக்கொண்டு போனாள்.
கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கும் சத்தம்,
பல் தேய்க்கிற நுரைக்கு நடுவே
அந்தச் சரணம்,
அந்தச் சொல்,
தப்பாகவே.