தொடர்ச்சிக் குறிப்பு

அட்லாண்டாவுக்குத் தெற்கே
கோழிப்பண்ணையை இடித்துக் கட்டிய ஸ்டுடியோ.
கேமராவுக்குப் பக்கத்தில் என் மடக்கு நாற்காலி.
பெயர் வெர்லீன் டூப்ரி. வேலை, மறக்காமல் இருப்பது.
குவளையில் காப்பி எதுவரை இருந்தது,
எந்தக் கையால் கதவைத் திறந்தான்,
புருவத்து வெட்டு இடமா வலமா,
கேட்டால் சொல்வேன்.

கேட்டால்தான்.

முதல் பாகத்தில் பேருந்தை ஒற்றைக் கையால் தூக்கியவன்
இரண்டாம் பாகத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு
காப்பாற்றுங்கள் என்று கத்தினான்.
அம்மா சாகும்போது அவனுக்கு வயது ஒன்பது.
மூன்றாம் பாகத்தில் பன்னிரண்டு.
கல்லறையில் மட்டும் அதே மழை.
ஊர் மின்சாரம் மொத்தத்தையும் வில்லன் குடித்துத் தீர்த்த இரவில்
அவன் தோளுக்குப் பின்னால்
ஒரு பீட்சா கடைப் பலகை
சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

எழுதிக் கொடுத்தேன்.
கீகன் சிரித்தார். அந்த மாதத்து எழுத்தாளர், ஐந்தாமவர்.
"மனிதன் பறப்பதை நம்புகிறவர்கள், வெர்லீன்,
பலகையையா பார்க்கப்போகிறார்கள்?"

பறப்பதை நானும் நம்பினேன்.
அது கடன்.
மிச்சத்தையாவது ஒழுங்காகச் சொல்வீர்கள் என்று
வட்டி கேட்காமல் கொடுத்தது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காட்சி எண்பத்தெட்டு.
நாயகனின் உடையில் கோர்டெல் மேப்ரி.
நாற்பதாவது மாடியிலிருந்து விழ வேண்டும்.
பச்சைத் துணிக்கு முன்னால்
நாற்பது மாடி என்பது பதினான்கு அடி.
ஏழாவது டேக்கில் கயிறு ஒரு கணம் யோசித்தது.
பிறகு விட்டுவிட்டது.

படத்தில் அவன் எழுந்து, தூசி தட்டி,
ஒரு ஜோக் சொல்கிறான்.
கோர்டெலின் இடுப்பில் இப்போது இரண்டு தகடுகள்,
ஒன்பது திருகாணிகள்.
எந்தப் பாகத்திலும் அவை மறைவதில்லை.

கம்பெனியின் முதல் கடிதம்:
மெத்தை இருந்தது, அவர்தான் தள்ளி விழுந்தார்.
இரண்டாவது:
மெத்தை வேண்டாமென்று அவரே சொன்னார்.
மூன்றாவது:
ஏழாவது டேக் என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை.

முழுப் பூசணிக்காய். சோறுகூட இல்லை மறைக்க.

வக்கீல் என்னைக் கேட்டாள்.
முதல்முறையாக ஒருத்தி கேட்டாள்.
நோட்டைப் பிரித்து வாசித்தேன்:
"எண்பத்தெட்டு, ஏழாவது டேக், மாலை நான்கு ஐம்பத்திரண்டு.
மெத்தை இல்லை.
ஆறாவதில் அதன் நீல ஓரம் ஃப்ரேமுக்குள் தெரிந்ததால்
எடுக்கப்பட்டது."
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
வக்கீல் பேனாவை மூடிவிட்டாள்.
ஆனால் அடுத்த வரியும் என் கையெழுத்துதான்.

"ஓரம் தெரிவதாகச் சொன்னது: வெ. டூ."

நாற்காலி கிறீச்சிட்டது, யாருடையதோ.
கோர்டெல் என்னைப் பார்க்கவில்லை,
ஊன்றுகோலின் ரப்பர் முனையைப் பார்த்தார்.

நவம்பரில் படம் வந்தது.
மேக்கனில் ஒரு மாட்டினி, தனியாகப் போனேன்.
மூன்றாம் வரிசை, உப்பு கூடிப்போன பாப்கார்ன்.
அவன் விழுந்தான்.
நாற்பது மாடி, கண்ணாடிகள், புறாக்கள், வயலின்.
திரையின் வலது கீழ் மூலையில்
கால் நொடிக்கு
நீலம்.

ஆறாவது டேக்கைத்தான் வைத்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பொடியன்
எழுந்து நின்று கை நீட்டினான்:
"அது என்ன அங்கே?"
உஷ், என்றார்கள்.
உட்கார், படம் தெரியவில்லை.