எண் நாற்பத்தொன்று

சர்தஷ்ட், ஜூன் மாதம், வெயில் சாயும் நேரம்.
குளியல்கூடத்தின் சாவி என் இடுப்பில்.
விமானம் போய்விட்டது. விழுந்த சத்தமோ
யாரோ கதவை ஓங்கிச் சாத்தியது போல, அவ்வளவுதான்.
"வெடிக்காத குண்டு," என்றான் ரொட்டிக்கடை ஷேகோ.
சிரிக்கவும் செய்தோம்.

பிறகு பூண்டு வாடை.
யார் வீட்டு ஊறுகாய் ஜாடி உடைந்ததோ என்று
தெருவை எட்டிப் பார்த்தேன்.

குண்டு விழுந்தால் கீழே ஓடு:
ஏழு வருடப் போர் எங்களுக்குப் புகட்டிய பாடம்.
பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடினார்கள்.
இது காற்றைவிடக் கனம்.
அதுவும் படியிறங்கி வந்தது
பின்னாலேயே,
கதவு தட்டாமல்.

இருட்டுவதற்குள் கண்கள் வீங்கிவிட்டன.
ஒருவர் தோளை ஒருவர் பிடித்து
என் வாசலில் வரிசை.
மருத்துவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: தண்ணீர்.
கொதிகலனை அணைத்தேன், சூடு ஆகாதாம்.

பதினொரு வருடம் செய்த வேலை, கைக்கே தெரியும்:
வருபவரின் உடுப்பை வாங்கு,
உதறு, மடி, கட்டு,
பித்தளை வில்லை ஒன்றைக் கொடு.
அன்றும் உதறினேன்.
அன்றும் மடித்தேன்.
ஒரு சிறுமியின் பச்சைச் சட்டையில்
பொத்தான் தொங்கியது; தைத்துத் தரலாமென்று
மடியில் செருகிக்கொண்டேன்.

துணியைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லத் தெரிந்தவர்
தாமே கண் திறக்க முடியாமல் கிடந்தார்.

விடிந்தபோது என் விரல்களில்
மஞ்சள் திராட்சைகள்.
இடுப்பில், சட்டை இருந்த இடத்தில்,
ஒரு சட்டை அளவுக்குக் கொப்புளம்.

"கடுகு வாயு," என்றார் தெஹ்ரானில் ஒரு கண் மருத்துவர்.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, சரி;
இதில் கடுகே இல்லையாம்.
பெல்ஜியத்துப் பதுங்குகுழிகளில் முதலில் இறங்கியதாம்,
எழுபது வருடம் முன்பு.
"அப்படியென்றால் இதற்குள் மருந்து கண்டிருப்பார்களே?"
அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

முறிவு கிடையாதம்மா. தண்ணீர், உடனே.
பிறகு களிம்பு, சொட்டு மருந்து, ஆக்சிஜன்,
பிறகு இருப்பது.
இருக்கிறேன்.
மூன்று படி ஏறினால் நாலாவதில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
என் கொழுந்தன் மெரிவானுக்குக் கழுத்தில் கட்டி.
தப்ரீஸில் ஊசி போட்டார்கள், கரைந்தது.
அந்த மருந்து
அந்த வாயுவுக்கு ஒன்றுவிட்ட தங்கையாம்.
பேரன் கல்யாணத்தில் அவன் கைகோத்து ஆடினான்.
சாபம் ஒன்று வைத்திருந்தேன், பல்லிடுக்கில்.
யார் மேல் துப்புவதென்று
அன்றிலிருந்து தெரியவில்லை.

துணிமூட்டைகளைச் சிப்பாய்கள் ஊருக்கு வெளியே புதைத்தார்கள்.
வில்லைகள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றாய்,
விதவைகள் கையில்,
சில தபாலில்,
ஒன்று, இறந்தவனின் ஷேவிங் டப்பாவிலிருந்து.

நாற்பத்தொன்று வரவில்லை.
அதன் ஆணியில் வேறெதையும் மாட்ட விடுவதில்லை நான்.
ஈரமான சின்னக் கை அது.
கண் தெரியாமல்
வில்லையைத் தடவிப் பார்த்து,
"தொலைக்க மாட்டேன்," என்று
இறுக்கி மூடிக்கொண்டது.