பிரதிவாதி, மூன்று பிரதிகள்

மஞ்சள் உறையைக் கொண்டுவந்தவன்
வில்மர் கோஸ்டிக்கின் மருமகன்.
"மன்னிச்சிடுங்க தோரா" என்றான்.
வாசலில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை,
எப்போதும் கழற்றிவிட்டுக் காபி கேட்பவன்.

வாதி: வில்மர் கோஸ்டிக், கிம்லி, மனிடோபா.
பிரதிவாதி: நான்.
தொகை: நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது டாலர்.
காரணம்: இரவல் கொடுத்த மீன்பிடிக் குடில்
பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போனது.

இருபத்திரண்டு குளிர்காலம்
அவன் குடில் எனக்கு,
என் பனிவாரும் எந்திரம் அவனுக்கு.
ஒரு துண்டுச் சீட்டு எழுதியதில்லை.
வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்;
வால் கொஞ்சம் புரண்டதும்
வழக்கு.

சமையல் மேசையில் மாவைத் துடைத்துவிட்டுப்
படிவத்தை விரித்தேன்.
முழுவதும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு கட்டம்.
ஒரு பகுதி ஒப்புக்கொள்கிறேன், ஒரு கட்டம்.
மறுக்கிறேன், ஒரு கட்டம்.
கீழே பொடி எழுத்தில்:
நீங்களும் அவர்மீது ஏதாவது கோருகிறீர்களா?

கோரலாம்.
குடிலுக்குள் இருந்த தகர அடுப்பு என்னுடையது,
செல்கிர்க் கடையில் இருநூற்று அறுபது டாலர்,
ரசீது கரண்டி இழுப்பறையில் இருக்கிறது.
கெட்டிலும் என்னுடையதுதான்.
அரை பாட்டில் விஸ்கி மட்டும் அவனுடையது.

அன்றிரவு எழுதித் தள்ளினேன்.
அவன் நாய், அவன் வேலி,
என் அண்ணன் அடக்கத்துக்கு அவன் வராதது,
வந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பான் என்பதுவரை.
படிவம் ஏழு வரிதான் கொடுத்திருந்தது.
நான் ஒன்பது பக்கம் ஒட்டியிருந்தேன்.

நீதிமன்ற ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஒடெட்
இரண்டு பக்கம் படித்தாள்.
"ஆளைப் பற்றி வேண்டாம் மேடம்,
நாளைப் பற்றி எழுதுங்க."

நாள்:
மார்ச் பத்தொன்பது. என் பிக்கப்பில் ஆல்டர்னேட்டர் போயிற்று.
இருபத்துமூன்று. கரையோரம் பனிக்கட்டி சாம்பல் நிறம்;
இந்த வருஷம் வசந்தத்துக்கு அவசரம்.
அன்று மாலை வில்மர் தொலைபேசியில்:
"இன்னும் ஒரு வாரம் தாங்கும்."
இருபத்தேழு. தாங்கவில்லை.

அங்கேயே பேனாவை நிறுத்தியிருக்கலாம்.
அவன் சொன்னான், நான் நம்பினேன்,
முடிந்தது வழக்கு.

ஆனால் அவன் கேள்விகளுக்கு
ஒருநாளும் கேள்விக்குறி இருந்ததில்லை.
இணைப்பு வேறு கரகரத்தது.
தாங்கும் என்றானா,
தாங்குமா என்றானா.
நான் "ம்" என்றேன்.
அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது,
ஏனென்றால் வாயில் ரொட்டி இருந்தது.

மூன்றாவது கட்டத்தில் வைத்த பேனாமுனை
ஒரு புள்ளி விட்டுவிட்டு
இரண்டாவதற்கு ஏறியது.
அடுப்பை எழுதவில்லை.
பிறகு எழுதினேன். அடுப்பு அடுப்புதானே.

நூலகத்தில் நகல், பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.
ஒரு பிரதி நீதிமன்றத்துக்கு,
ஒரு பிரதி அவனுக்கு.
மை தீர்ந்துகொண்டிருந்த மூன்றாவது
பிரதிவாதிக்கு.

விசாரணை நாளில் எங்களுக்கு ஒரே பெஞ்சு.
நடுவில் அவன் தொப்பி.
சட்டைப்பையைத் தட்டினான், கோட்டைத் தட்டினான்,
மறுபடி சட்டைப்பை.
படிக்கிற கண்ணாடி வண்டியில்.
வண்டி மருமகனிடம்.
என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னான்.

என்னுடையதைக் கழற்றித் தொப்பிமேல் வைத்தேன்.
"ரசீது வேணுமா" என்றான்.
சிரித்தேனா என்று நினைவில்லை.
எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எனக்கு எதிராக வரிவரியாக வாசித்தான்.
அவனுடையதைவிட அதற்குப் பவர் கூட.
நாலாயிரத்து, என்று நின்றான்.
தாளைத் தள்ளிப் பிடித்தான்.
தொண்டையைச் செருமினான்.

என் மேசையில் என் பிரதி
எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.