மூன்றே முக்கால் மணி வெளிச்சம்

வெந்நீர்த் துணியை ஒற்றிப் பிடித்தால்
இருபது எண்ணுவதற்குள் பசை இளகும் என்றார்கள் பெயின்ட் கடையில்.
எனக்கு அறுபது வரை எண்ண வேண்டியிருந்தது.
மஞ்சள் கோடு, அதற்கடியில் பழுப்புப் பூ,
அதற்கும் அடியில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு பச்சை,
கடைசியில் சுவர்.

சுவரா அது?
சுரண்டி சறுக்கிய இடமெல்லாம் கீறல்.
விரல் மடக்கித் தட்டினால்
சில இடம் டொக், சில இடம் டொப்.
டொப் என்ற இடத்தில்
காரை செங்கல்லை விட்டுப் பிரிந்து வெகுநாள்.
கீழே தெருமுனையில் டிராம் திரும்பும்போதெல்லாம்
தரைப்பலகை மேல் கொஞ்சம் மாவு உதிரும்.

அண்ணன் செவெரின் காலையில் வருவான்,
அடுமனையில் இரவு வேலை முடித்து.
நான் தபால் நிலையத்திலிருந்து, மூன்று மணிக்கு மேல்.
சாவி ஒன்றுதான். கீழ்வீட்டு மலினோவ்ஸ்காவிடம் இருக்கும்.
அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு
நாங்கள் இருவரும் ஓர் அறையில் சேர்ந்து நின்றதில்லை.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கார், கொஞ்சம் பணம், ஒரு வார்த்தை.

முதல் வாரம் சீட்டு எழுதி வைத்திருந்தான்:
"பட்டி பார்த்தாயிற்று. சுவர் சமம்."
நான் நிமிர்ந்தபோது மணி மூன்றே முக்கால்.
மேற்கு ஜன்னல் வழியே நவம்பர் வெயில்
சுவரோடு ஒட்டிப் படுத்து வந்தது.
சமமா?
வாய்க்காலும் வரப்புமாய்க் கிடந்தது.
உப்புத்தாளைக் கையில் எடுத்து
எங்கே தொடங்குவது என்று பார்ப்பதற்குள்
சூரியன் எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் போயிற்று.
சுவர் மறுபடி சமம்.

தினமும் பதினோரு நிமிடம், அவ்வளவுதான் கிடைக்கும்.
தேய்க்கப் போதாது, குறிக்கப் போதும்.
ஆகவே பென்சில்.
பள்ளத்துக்கு வட்டம், மேட்டுக்குப் பெருக்கல் குறி.
நாற்பத்து மூன்று வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் வட்டத்துக்குள் எல்லாம் ஈரப் பட்டி.
சீட்டு இல்லை.
அடுத்த நாள் பத்தொன்பது.
அதற்கடுத்த நாள் மேகம்,
சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன்.
வெள்ளிக்கிழமை ஒரு வட்டம் என்னுடையது இல்லை.
தச்சுப் பென்சிலின் தடித்த கோடு,
என் வெளிச்சம் எட்டாத மூலையில்.
கையால் தடவியே கண்டிருக்கிறான்.
நான் நிரப்பினேன்.

நாற்காலி முதுகின் உயரத்தில் ஒரு பள்ளம்,
உள்ளங்கை அகலம்.
அப்பா பின்னுக்குச் சாய்ந்துதான் வானொலி கேட்பார்,
நாற்காலியின் முன்கால் இரண்டும் அந்தரத்தில்.
அதற்கும் வட்டம் போட்டேன்,
மற்றவற்றைப் போலத்தான் போட்டேன்.
அவன் நிரப்பவில்லை.
வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டிருந்தான்.
நான் மூன்றாவது.
அவன் நான்காவது, முன்னதைவிடப் பெரிதாக.
யாரோ கல்லெறிந்த குளம்போல
சுவரில் அலை அகன்றுகொண்டே போனது.
ஏழாவதைப் போடும்போது
என் பென்சில் சுவிட்சில் இடித்துக்கொண்டது.
ஆளில்லாத வீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
மலினோவ்ஸ்கா கீழிருந்து கூரையைத் தட்டினாள்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஏழாம் தேதி.
ஐந்தாம் தேதியாவது பிரைமர் அடித்தாக வேண்டும்.
பென்சில் கோடு பெயின்டையும் மீறித் தெரியும்,
முதலில் துடைத்தெடுக்கவும் என்று டப்பாவில் போட்டிருந்தது.
அரைநாள் விடுப்பு எடுத்தேன்.
காலை எட்டு மணி. சாவி கீழே இல்லை,
கதவு திறந்திருந்தது.

வாளியில் பட்டி குழைத்துக்கொண்டிருந்தான்.
புருவத்தில் மாவு, எந்த மாவென்று தெரியவில்லை.
கோடுகள் எல்லாம் துடைத்தாகிவிட்டது.
பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது, வட்டமில்லாமல்.
நிமிராமலே கேட்டான்:
"தண்ணி அதிகமாயிடுச்சா?"
எட்டிப் பார்த்தேன்.
"இன்னும் கொஞ்சம் பொடி போடு."