ஏழாம் பெட்டியின் பலகை

ஆகஸ்டில் அவசரப்பட்டேன்.
ரொதோப்பி மலையில் அன்று முப்பத்து நான்கு டிகிரி.
புட்டியில் ஒட்டியிருந்ததைப் படிக்கலாமென்றால்
கண்ணாடி சமையலறையில்.
எடுத்துவரச் சோம்பல்.

காட்டுத் தைம் எண்ணெய்,
பென்யோ செம்புப் பானையில் வடித்தது.
ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி
மூக்கில் அறைந்தாற்போல் ஒரு காரம்.
பஞ்சில் நனைத்துச் சட்டங்களின்மேல் வைத்தேன்.
உண்ணிக்குத்தான் எமன், தேனீக்கு ஒன்றும் ஆகாது
என்றிருந்தான். அவனிடம் தேனீ கிடையாது,
ஆடுகள்தான்.

சாயங்காலம் ஏழாம் பெட்டி
வாசலில் தாடியாகத் தொங்கியது.
அத்தனை பேரும் வீட்டுக்கு வெளியே.
உள்ளே ராணி முட்டையிடுவதை நிறுத்தியிருந்தாள்.

பஞ்சை உருவி எறிந்து
தொட்டித் தண்ணீரில் கை கழுவினேன்.
போகவில்லை.
நான் வெட்டிய ரொட்டியைத் தள்ளிவைத்து
"இருமல் மருந்தைத் தின்னச் சொல்கிறாயா" என்றான் ராங்கெல்.
ஷாரோ இரண்டு முறை முகர்ந்து,
யோசித்து,
பிறகுதான் வாலை ஆட்டியது.
காவல் தேனீக்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்:
வாசலில் நிற்பது தங்கையா, திருடியா?

மூன்று வாரம் கை வைக்கவில்லை.
சிறகு சுருண்ட இளந்தேனீக்கள்
புல்லில் நடந்துபோயின,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள்போல
எல்லாம் ஒரே திசையில்.
ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன்.
முதுகில் கேழ்வரகு மணி, அதே நிறம்.
என் முதுகில் என்றால்
சூப் தட்டு அகலத்துக்கு ஒரு நண்டு.

செப்டம்பர். பதினெட்டு டிகிரி.
இம்முறை கண்ணாடி மூக்கின்மேல்.
பாதிப் பஞ்சு. சொட்டுகளை வாய்விட்டு எண்ணினேன்,
நடுவில் தும்மல் வந்து
மறுபடி ஒன்றிலிருந்து.
பலகையில் பன்றிக்கொழுப்பைத் தடவி
வலைக்குக் கீழே நுழைத்தேன்.
இரவெல்லாம் உள்ளே விசிறிக்கொண்டிருந்தார்கள்.
யாரும் வெளியே வரவில்லை.
நானும் தூங்கவில்லை.

காலையில் பலகையை உருவிக்
குண்டூசி முனையால் எண்ணுகிறேன்.
மெழுகுத் தூள், மகரந்தம், யாருடையதோ ஒரு கால்,
நடுநடுவே சிவந்த மணிகள்.
நாற்பத்து நான்கு.
நாற்பத்தைந்து.
"எத்தனை?" ஜன்னலிலிருந்து ராங்கெல்.
நாற்பத்தாறு.

அடுத்தது மல்லாந்து கிடந்து
இன்னும் கால்களை அசைக்கிறது.

"எத்தனை?" என்கிறான் மறுபடி.